ஊதா நிறத்தில் தெரிந்த ஒரு பல்

போன வருடம் கோவையில் ஒரு பல் மருத்துவமனையில் நடந்தது இது. பரிசோதனைக்காக நானும் கணவரும் கிணத்துக்கடவிலிருந்து போயிருந்தோம். என் தாடை எலும்பில் திருகிப் பொருத்தியிருந்த இம்ப்ளான்ட் பல்லைச் சுற்றிச் சீழ் பிடித்து, சில மாதங்களுக்கு முன்புதான் ஈறைத் திறந்து சுத்தம் செய்து தைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பல்லைக் கண்ணாடிச் சாமான் போல வைத்திருந்தேன். மெல்லுவதெல்லாம் மறுபக்கம்தான். முறுக்கைக் கண்டால் கணவரே தட்டை நகர்த்திவிடுவார். துளி வலியும் இல்லாததால் தெம்பாகவே நாற்காலியில் சாய்ந்தேன்.

டாக்டரம்மா மெல்லிய கம்பியால் ஈறைத் தொட்டதும் ரத்தம் கசிந்தது.

"மறுபடி வீங்கியிருக்குதுங்களே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல்லையே எடுத்துவிடுவார்களோ?

"வலியே இல்லீங்களே டாக்டர்?"

"இதுல வலி ரொம்பத் தாமதமாத்தானுங்க தெரியும். அழுக்கு எங்க நிக்குதுன்னு பார்த்துரலாம்" என்றவர், பற்களில் ஊதா நிறச் சாயம் ஒன்றைத் தடவி, கொப்பளிக்கச் சொல்லி, கையில் கண்ணாடியைக் கொடுத்தார்.

ஆவலோடு பார்த்தேன். மற்ற பற்களில் சாயம் ஒட்டவே இல்லை. அந்த ஒரு பல்லின் அடியில் மட்டும் வளையம் போட்டதுபோல் அடர் ஊதா. தினமும் இரண்டு வேளை தேய்க்கிற எனக்கு இது எப்படி?

வீட்டில் செய்வதுபோலத் தேய்த்துக் காட்டச் சொன்னார். தேய்த்தேன். பக்கத்தில் நின்ற கணவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"அம்மணி, அந்தப் பல்லுக்கிட்ட வந்ததும் உன் கை தாண்டிப் போயிருதே!"

எனக்கே தெரியாது. மறுபடி தேய்த்துப் பார்த்தேன். உண்மைதான், பிரஷ் அங்கே படாமல் ஒதுங்கிப் போனது.

"தையல் போட்ட இடமுங்க, பட்டா ஏதாச்சும் ஆயிருமோன்னு..." என்று இழுத்தேன்.

"தொட வேண்டாம்னு சொன்னது தையல் பிரிக்கிற வரைக்குந்தானுங்க. இப்பத் தொடாம விட்டாத்தான் ஆபத்து."

பாட்டில் கழுவும் பிரஷைக் குட்டியாக்கியதுபோல் ஒன்றைக் கொடுத்து, பல்லிடுக்கில் எப்படி விடுவதென்று என் கையைப் பிடித்தே காட்டினார். முதலில் பயந்து பயந்துதான் விட்டேன். ஆனால் ஊதா கொஞ்சம் கொஞ்சமாக மறைவதைப் பார்க்கப் பார்க்க, நிறுத்தவே மனம் வரவில்லை. பிறகு ஈறுக்கு உள்ளே அவரே சுத்தம் செய்து அனுப்பினார்.

அடுத்த பரிசோதனையில் கம்பி பட்டபோது ரத்தம் வரவில்லை. "பல்லு தப்பிச்சிருச்சுங்க" என்று சிரித்தார். ஆனாலும் தவறாமல் வந்து காட்டவேண்டும் என்றார். போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

பயந்து விலகி நின்றதையே பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக அத்தனை மாதம் நம்பியிருந்தேன். இன்றும் எதையாவது தொடாமல் ஒதுக்கி வைக்கும்போது, இது அக்கறையா பயமா என்று ஒரு கணம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.