எலும்பு கூடிய செய்தி

நன்னிலத்தில் எங்கள் குத்தகைக்காரரை நிலத்தைவிட்டு விரட்ட அண்ணன் வயலில் இறங்கியபோது, நான் குறுக்கே நின்றேன். அண்ணன் தள்ளிய வேகத்தில் மதகின்மேல் விழுந்து என் கால் எலும்பு நொறுங்கியது.

தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்தார்கள். "நொறுங்கின இடத்துல செயற்கை எலும்புத் துகள் வெச்சிருக்கோம்மா. துத்தநாகமும் ஸ்ட்ரான்சியமும் துளி கலந்தது. உங்க எலும்பு அதுமேல சீக்கிரமா வளரும்," என்றார் டாக்டர்.

வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பார்வையாளர் நேரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

சில மாதங்கள் கழித்து டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, "நல்லா கூடிடுச்சும்மா, வீட்ல சொல்லுங்க," என்று சிரித்தார். சொல்ல எனக்கு வேறு யாருமில்லை. வெளியே வந்து போனில் அண்ணன் நம்பரை அழுத்தினேன்.

"அண்ணே, எலும்பு கூடிடுச்சு."

அவர் போனை வைக்கவில்லை. அவர்மேல் இருந்த கோபத்தைவிடத் தனிமைதான் எனக்குப் பெரிதாக இருந்தது என்று அப்போது புரிந்தது. நானும் வைக்காமல் நின்றேன்.