தேன்குரலும் ஏழு உருப்படிகளும்

லிஃப்ட்டக்கா பகலில் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவள். மாலையில் தம்பி வீட்டுப் பின்னறையில் டிரம்ஸ் வாசிப்பவள். கருவிப் பெட்டியோடு போய் நின்றாலும் "மெக்கானிக் எங்கம்மா?" என்று அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். இருபது வருடமாக இதே கூத்து. டிரம்ஸாவது யார் வாசித்தது என்று கேட்கிறவனுக்குத் தானே சொல்லிவிடும் என்று நம்பினாள், பைத்தியக்காரி.

ஆறு வருடம் உழைத்து ஏழு உருப்படிகளில் ஓர் ஆல்பம் முடித்தாள். இசை முழுக்க அவளுடையது. தம்பி பேஸ் கிட்டார் மட்டும். வெளியீட்டுக்குச் சின்ன அரங்கம் பிடித்தாள். நான்கு வானொலிக்காரர்கள் வருவதாகச் சொன்னார்கள். இது போனால் போனதுதான். இன்னோர் ஆறு வருடத்துக்கு அவள் தோள்பட்டை தாங்காது.

வெளியீட்டன்று அரங்க வாசலில்தான், அவள் அமர்த்தியிருந்த விளம்பரக்காரர் அச்சடித்த நோட்டீசைப் பார்த்தாள். 'தேன்குரல் தேவதை! தம்பியின் இசையில் அக்காவின் மயக்கும் கானம்!' கூடவே, ஒரு பிரபல பாடகியின் பெயரைப் போட்டு, அவருடைய வாரிசாம். அந்த அம்மாவுக்கும் இவளுக்கும் என்ன ஒற்றுமை? இருவருக்கும் கிராப்புத் தலை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்றால் இதுதான். பெண் என்றால் பாடத்தான் வேண்டும், வாசித்தால் பின்னால் ஓர் ஆண் இருந்தாக வேண்டும். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நான் எங்கங்க பாடியிருக்கேன்?" என்று அங்கேயே நின்ற விளம்பரக்காரரைக் கேட்டாள்.

"விடுங்கக்கா, இப்படிப் போட்டாத்தான் கூட்டம் வரும். மேடையில ரெண்டு வரி பாடிடுங்க."

அவள் மேடையேறி மைக்கைப் பிடித்தாள். முன்வரிசையில் விளம்பரக்காரர் பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தார். "சார், என் குரல் தேன்னு எழுதியிருக்கீங்க. எந்த உருப்படியில கேட்டீங்க?"

"மூணாவதுலக்கா. அப்படியே உருக்கிட்டீங்க!" என்றார், கூசாமல்.

ஆல்பத்தை முன்பே கேட்டிருந்த வானொலிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள்.

"ஏழுலயும் ஒருத்தர்கூட வாயைத் திறக்கலை, சார். மூணாவதுல என் தம்பியும் கிடையாது, நான் மட்டும்தான். எந்திரிக்காதீங்க, உக்காருங்க."

பாட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார்கள். அவள் பார்த்தாள். ஆனாலும் குச்சிகளை எடுத்தாள். ஏழு உருப்படிகளையும் நிறுத்தாமல் வாசித்தாள், நாற்பத்து மூன்று நிமிடம். விளம்பரக்காரர் அந்த ஆல்பத்தை முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.