வால்வை மூடியதும் நின்ற மழை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் பில்டிங் குரூப்பில் குட் மார்னிங்குக்குக்கூடப் பதில் போடாதவள் நான். மூன்றாவது மாடியில் ஒருத்தி இருக்கிறாள் என்பதே சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் சூடேறிய பிவிசி பைப்பில் பசை தடவும்போது ஒரு வாசம் வரும். மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வரவைக்கும். என் முதல் வேலை என்றால் எனக்கு அந்த வாசம்தான்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிவில் முடித்துவிட்டு, இதே கோவில்பட்டியில், வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு அமைத்துத் தரும் ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்தேன். அம்மாவிடம் யாராவது கேட்டால், "பைப்புக் கடையில இருக்கா" என்பாள். நான் திருத்தவில்லை. பாதி நாள் எனக்கே அப்படித்தான் தோன்றும்.

பைப் ஏற்றிய குட்டியானை வண்டியில் பிளம்பர் செல்லையா அண்ணாச்சியோடு போவேன். அவருக்கு வாய் மூடாது, எனக்கு வாய் திறக்காது. அதனால் நன்றாகவே ஒத்துப்போனது.

புதூர்ப் பக்கம் ஒரு ஊரில் முத்துமாரி அக்கா வீடு. அக்காவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அந்த ஊர் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, அப்படி உப்பு. அவருடைய சின்ன மகளுக்கு பள்ளிக்கூட வயதிலேயே கிட்னியில் கல். "மொதல்ல தண்ணிய மாத்துங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் மழைநீர்த் தொட்டி.

கரிசலில் தொட்டி கட்டுவது தனி வேலை. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற மண், மழையில் ஊதிச் சுவரை நெருக்கும். குழியை அகலமாக வெட்டி, சுவரைச் சுற்றிச் சரளும் மணலும் போட்டோம். அக்கா லீவு எடுத்து, கூடவே நின்று மணல் அள்ளிப் போட்டார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், ஒரு வால்வில்தான் மல்லுக்கு நின்றார். மாடியிலிருந்து இறங்கும் பைப்பின் அடியில் அது இருக்கும். முதல் மழைக்கு அதைத் திறந்துவைத்து, தூசியும் புறா எச்சமும் வெளியே போனபிறகு மூட வேண்டும். அதற்கப்புறம்தான் தண்ணீர் தொட்டிக்குப் போகும்.

"ஏட்டி, வருசம் பூரா வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கோம். வாரதையும் ரோட்டுல விடச் சொல்லுதியா?"

அண்ணாச்சி குறுக்கே வந்தார். "மாப்பிள்ள வந்தா வாசல்ல கால் கழுவச் சொல்லுதோம்லா தாயி... அது மாதிரிதான்."

"கால் கழுவிட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாம்னா?"

அண்ணாச்சி பசை டப்பாவைத் தேடக் கிளம்பிவிட்டார்.

கடைசி நாள். ஒரு கிளாம்ப் வாங்க அண்ணாச்சி விளாத்திகுளம் போயிருந்தார். மத்தியானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது... முதலில் புழுதி, பின்னாலேயே சடசடவென்று மழை.

வால்வு திறந்தே இருந்தது. கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. வேப்பிலை, இறகு, என்னென்னவோ. அக்கா வால்வில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"மூடட்டா?"

"இன்னும் கொஞ்சம் அக்கா."

எதிர்வீட்டுப் பெரியம்மா கதவைத் திறந்து சத்தம் கொடுத்தார். "ஏ மாரி, மழைய ரோட்டுக்குத் தானம் பண்ணுதியோ?"

"மூடட்டா பிள்ள?"

"வேண்டாம்க்கா! பாப்பா குடிக்கிற தண்ணி!"

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

கையில் ஏந்திப் பார்த்தேன். தெளிந்திருந்தது. "இப்ப மூடுங்க" என்றேன். மூடினார்.

மழை தூறலானது. தூறலும் நின்று வெயில் அடித்தது. தொட்டியை எட்டிப் பார்த்தோம். தரை நனைந்திருந்தது... அவ்வளவுதான்.

அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தெருவில் ஓடிய தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "போயிட்டாம் பாத்தியா, மாப்பிள்ள" என்று சிரித்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், பையில் சாமான்களை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

அதன்பிறகு அண்ணாச்சியைப் பார்த்தால் எனக்கு ஒரே கேள்விதான். "புதூர்ப் பக்கம் மழையா?" நம் ஊர் மழையைத்தான் தெரியுமே. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பெய்யும், அந்தப் பக்கம் புழுதி பறக்கும்.

"நீ கேக்கதப் பாத்தா மேகமே பயந்து ஓடிரும்" என்பார்.

ஐப்பசியில் ஒரு நாள் ஆபீஸ் போனுக்கு அக்கா கூப்பிட்டார். "ஏட்டி, நேத்துப் பெஞ்சிச்சு. நானே தொறந்துவிட்டேன். எதுத்த வீட்டுக்காரி ஏசுதா, ஏசட்டும்னு நின்னேன். தெளிஞ்ச பொறவுதான் மூடுனேன். தொட்டி முக்காவாசி நெறஞ்சிட்டு. வா, வந்து குடி."

போனேன். குடித்தேன். தனி ருசி என்று ஒன்றும் இல்லை. உப்பு இல்லை, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற பாப்பா இன்னொரு செம்பு கேட்டாள். அதுவரை அதட்டித்தான் அவளைத் தண்ணீர் குடிக்க வைப்பார்களாம்.

அந்த ஆபீஸ் இப்போது மாடிகளில் சோலார் போடுகிறது. நான் பரீட்சை எழுதி, பேங்கில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று ஒரு சின்ன மழை கைநழுவிப் போனதற்கு எத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்கிறேன்... இப்போது நம் மாடியில் விழுகிற மழை முழுவதும் பைப்பில் இறங்கிச் சாக்கடைக்குப் போகிறது. மறுநாள் வாசலில் தண்ணீர் லாரி நிற்கிறது. இரண்டையும் பால்கனியில் நின்று பார்க்கிறேன். போன மீட்டிங்கில் சொல்லிவிடத்தான் வந்தேன். லிஃப்ட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள்... எழுந்து வந்துவிட்டேன்.

இவ்வளவு எழுதியதே ஒன்று கேட்கத்தான். பின்பக்கச் சுவரில் இறங்குகிற பைப்புக்கும் நம் தரைத் தொட்டிக்கும் நடுவே ஒரு ஃபில்டரும், ஒரு வால்வும், கொஞ்சம் பைப்பும் போதும். செல்லையா அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன். வருகிறேன், முதலில் மாடியைப் பார்க்க வேண்டும் என்கிறார். புரட்டாசி முடியப் போகிறது.

செகரட்டரி அண்ணாச்சி, இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொட்டைமாடிச் சாவியைத் தருவீர்களா?