எர்ணாவூரிலிருந்து ஒரு கேன் சேறு

எழுபதுகளின் கடைசியில், ஒரு மார்கழி மாதம், சேறு வாங்குவதற்காக மெட்ராஸ் போனேன். சேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கழிவுநீர்த் தொட்டி என் பொறுப்பு. காற்றுப் படாமல் மூடிவைத்த தொட்டியில் நுண்ணுயிரிகள் கழிவைத் தின்று வாயுவாக்க வேண்டும். அவையோ செத்துத் தொலைந்து, தொட்டி புளித்துவிட்டது. பொங்கலுக்குள் சரியாகாவிட்டால் கழிவை ஓடையில் திறந்துவிடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். கீழே இருந்த ஊருக்கு அந்த ஓடைதான் குடிநீர்.

சென்ட்ரலிலிருந்து எர்ணாவூர் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், எண்பது காசு. அங்கே ஈஸ்ட் தயாரிக்கும் ஆலையில் என் கல்லூரி நண்பன் செல்வராஜ் வேலை பார்த்தான். எங்கள் தொட்டியில் கலப்பதற்காக, அவன் ஆலைத் தொட்டியிலிருந்து உயிருள்ள சேற்றை ஒரு கை அள்ளிக் காட்டினான். கன்னங்கரேலென்று, கடுகளவும் மிளகளவுமாக உருண்டைகள்.

யாரும் பிடித்துவைத்த உருண்டைகள் அல்ல. தொட்டியில் தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறும். தனியாக மிதக்கும் உயிர்களை அது அடித்துக்கொண்டு போய்விடும். ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்தவை மட்டும் அடியில் தங்கும். வெளிப்புறத்தில் இருப்பவை கழிவை அமிலமாக்க, உள்ளே இருப்பவை அதைத் தின்று வாயுவாக்கும். உள்ளே இருப்பவை தின்னாவிட்டால் எல்லாம் புளித்துச் சாகும். எங்கள் தொட்டியில் நடந்தது அதுதான்.

கேன் நிறைய ஊற்றிக் கொடுத்தான். "மூடிய இறுக்காத மச்சான். உள்ள கேஸ் வந்துகினே இருக்கும், வெடிச்சிடும்" என்றான். லேசாகத் திருகிவைத்து, திரும்பும் பஸ்ஸில் கடைசி இருக்கைக்கு அடியில் தள்ளினேன்.

திருவொற்றியூரில் மீன் விற்றுத் திரும்பும் அம்மா ஒருவர் காலிக் கூடையோடு ஏறி, என் காலருகே தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அழுகிய முட்டை வாடை பஸ் முழுக்கப் பரவியது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

"இன்னாம்மா இது? யாராலயும் குந்த முடியல. எறங்கு" என்றார் கண்டக்டர்.

"கூட காலியா கீது நைனா. கயுவித்தான் எடுத்தாந்தேன், மோந்து பாரு!" கூடையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். சிலர் சிரித்தார்கள். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "சார், நீ பக்கத்துல தான குந்திகினு கீற. நீயே சொல்லு, என் கூடையா நாறுது?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கேனோடு என்னை இறக்கிவிட்டால் சேலம் ரயிலைத் தவறவிடுவேன், உருண்டைகள் செத்துவிடும், ஓடை நாசமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விசில் ஊதி அவரை நடுவழியில் இறக்கிவிட்டார்கள். அவர் போகவேண்டிய ராயபுரத்துக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. உச்சி வெயில் வேறு.

வாடை போகவில்லை. கண்டக்டர் குனிந்து தேடிக் கேனைக் கண்டுபிடித்தார். எழுந்து நின்றேன். என் பேண்ட்டையும் சட்டைப்பையில் இருந்த பேனாவையும் பார்த்தார்.

"உங்க்ளுதா சார்? இன்னா, கெமிக்கலா? காலுக்கு நடுவுல பத்திரமா வெச்சுக்கங்க" என்றார்.

அவ்வளவுதான். இருக்கையில் கூனிக்குறுகி உட்கார்ந்தேன்.

தொட்டி பிழைத்தது, ஓடையும் பிழைத்தது. அதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்திருக்கிறேன், மனம் கேட்கவில்லை.

இதேபோல் சேறு எடுக்கப் போகிறவர்களுக்கு: கேனை வெயிலில் வைக்காதீர்கள், இரண்டு நாளுக்குள் தொட்டியில் சேருங்கள், முடிந்தால் லாரி பிடியுங்கள். பஸ்ஸிலும் தடை ஒன்றும் இல்லை, பேண்ட் போட்டிருந்தால் போதும். ஆனால் நாற்றம் யாருடையது என்று பேச்சு எழுந்ததுமே கையைத் தூக்கிவிடுங்கள்.