ஓவர்லாக் அடிக்கும் ராஜு

தெருவில் புல்லட் சத்தம் கேட்டால் மோகனசுந்தரத்தின் வலது கால் பெடலை விட்டுத் தானாக எழுந்துவிடும். துணி ஓரம் பின்னும் ஓவர்லாக் மிஷினின் இரைச்சல் அடங்கும். வண்டி வீட்டைத் தாண்டி, முக்கில் திரும்பி, சத்தம் தேய்ந்து மறையும்வரை துணியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். வண்டி வாசலில் நின்றுவிட்டால் கதை வேறு. பின்கதவு வழியாக வெளியேறி, வேட்டியில் ஒட்டிய நூல் பிசிறுகளை உதறிவிட்டு, தென்னைகளுக்கிடையே ஒரு சுற்றுச் சுற்றி முன்வாசலுக்கு வந்து சேர்வார்.

"வாங்க, வாங்க. இப்பத்தான் தோட்டத்துல இருந்து வர்றேனுங்க" என்பார். நெற்றியில் வியர்வைகூட இருக்கும்.

மலையாள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஆறு ஏக்கர் தென்னை வைத்திருப்பவர். கோயில் கமிட்டியில் இருக்கிறார். தோட்டத்துப் பழைய ஆட்கள் இன்னும் அவரை, பண்ணையாருக்கான மரியாதையில், "பண்ணாடி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் முதுகு ஒரு விரற்கடை நிமிரும்.

மனைவி வனிதா முன்னறையில் பதினைந்து வருடங்களாகத் தைக்கிறார். அதை யாரும் குறையாகப் பேசியதில்லை. "பொம்பளைங்களுக்குப் பொழுது போகோணுமில்லீங்க" என்று மோகனசுந்தரமே சொல்லிக்கொள்வார். ஆறு வருடங்களுக்கு முன், கிணறு வற்றிய கோடையில், வனிதா ஓர் ஓவர்லாக் மிஷின் வாங்கிப் பின்னறையில், உரமூட்டை அடுக்கியிருந்த இடத்தில் போட்டார். அதுவரை துணியின் ஓரத்தை மடித்து, சாதா மிஷினில் ஒருமுறை அடித்து, திருப்பி இன்னொருமுறை அடித்துத்தான் பிசிறு வராமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மதியம், தோட்டத்தில் செய்ய ஒன்றுமில்லாமல் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த மோகனசுந்தரம், "கொண்டா, அதுல என்ன பெரிய வித்தை" என்று உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவருக்கு அது பிடித்துப்போனது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த அந்தக் கைகள் துணியை இழுக்காமல், தள்ளாமல், அது போகிற போக்கில் விட்டன. மூன்று நூலும் சேர்ந்து ஓரத்தைப் பின்னிக்கொண்டு போவதையும், பிசிறு தனியே சுருண்டு விழுவதையும் பார்ப்பதில் அவருக்கு ஒரு தனிச் சுகம் இருந்தது. ஊரில் யாரிடமும் சொல்ல முடியாத சுகம்.

வாடிக்கையாளர் ஒருத்தி சுடிதாரை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்து, "ஓரம் இவ்வளவு சுத்தமா இருக்குதே, யாருங்க அடிக்கிறது?" என்று கேட்டாள். அப்போதுதான் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்த மோகனசுந்தரம் யோசிக்காமல் சொன்னார்:

"பெங்காலிக்காரன் ஒருத்தன் வந்து அடிச்சுக் குடுத்துட்டுப் போறானுங்க. ராஜுன்னு."

வனிதா குனிந்து பாபினில் நூல் சுற்றத் தொடங்கினார்.

இப்படித்தான் ராஜு பிறந்தான். வருடங்கள் போகப்போக அவனுக்குக் குணங்களும் சேர்ந்தன. காரம் ஆகாது. யாராவது பார்த்தால் கை ஓடாது, கூச்சக்காரன். மோகனசுந்தரத்துக்குக் காய்ச்சல் வந்தால் ராஜு லீவில் ஊருக்குப் போய்விடுவான். வனிதாவும் கேலியாகவே அதைப் பழகிக்கொண்டார். "ஏனுங்க, ராஜுவுக்குக் காப்பி வேணுமுங்களா?" என்று பின்னறைப் பக்கம் குரல் கொடுப்பார். ஒரே ஒரு முறைதான், டம்ளரை வைத்துவிட்டு, "நான் மிஷின்ல உக்கார்றது உங்களுக்குக் கௌரவக் குறைச்சலா இல்லீங்க. நீங்க உக்காந்தா மட்டும் குறைஞ்சுருமுங்களா?" என்று கேட்டார். அவர் காப்பி ஆறிப்போச்சு என்று பேச்சை மாற்றினார்.

போன ஆவணியில், வாடிக்கையாகத் தைக்கக் கொடுக்கும் உள்ளூர் நாச்சம்மாள் தன் மகள் மௌனிகாவின் கல்யாண ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுத்தாள். பட்டுப்புடவையின் தலைப்போடு சேர்ந்து வந்த துண்டு. அதே நிறம், அதே கரை, வேறெங்கும் கிடைக்காது. வனிதா அளவெடுத்து வெட்டி, ஓரம் அடிக்கப் பின்னறைக்குக் கொடுத்தார்.

சாதா மிஷினில் தவறினால் தையலைப் பிரித்துவிடலாம். ஓவர்லாக்கில் ஊசிக்கு முன்னால் கத்தி இருக்கிறது. அது ஓரத்தை நறுக்கிக்கொண்டே போகும். மோகனசுந்தரம் முன்பக்கத் துண்டின் ஓரத்தை அடித்துக்கொண்டிருந்தபோது தெருவில் புல்லட் சத்தம் வந்தது. தலை திரும்பியது. கால் எழுவதற்குள் ஒரு மடிப்பு அடியில் புகுந்துவிட்டது. துணியை எடுத்து விரித்தார். நெஞ்சுப் பகுதியில், சுண்டுவிரல் நீளத்துக்கு, பட்டு வாய் பிளந்திருந்தது.

கல்யாணத்துக்கு ஆறே நாள். மறுநாள் காலை நாச்சம்மாள் வந்தாள். வனிதா துண்டைக் கையில் எடுத்து, "அக்கா, தப்பு நடந்துபோச்சுங்க, அது வந்து…" என்று தொடங்குவதற்குள் மோகனசுந்தரம் உள்ளேயிருந்து வந்தார்.

"அந்த ராஜு பண்ணுன வேலைங்க. நேத்தே கணக்குத் தீர்த்து அனுப்பிட்டேன்."

நாச்சம்மாள் துண்டை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "எந்த ராஜுங்க? நார் மில்லுல இருக்குறானே, ஒசரமா, நெத்தியில தழும்போட? அவனுங்களா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். அவர் தலையை ஆட்டினார். ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அதையெல்லாம் விடுங்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டம்.

அடுத்த நாள் சந்தை. மோகனசுந்தரம் உரக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். காய்கறிக்கடைப் பக்கம் கூட்டம் கூடியது. நாச்சம்மாளின் தம்பி பழனிச்சாமி, உயரமான ஓர் ஆளின் சட்டையைப் பிடித்திருந்தான். நாற்பது வயதிருக்கும் அந்த ஆளுக்கு. காலடியில் பை கவிழ்ந்து உருளைக்கிழங்குகள் சிதறிக் கிடந்தன.

"கல்யாணத் துணியக் கெடுத்துப்போட்டு, இங்க வந்து கெழங்கு வாங்குறியாடா?"

"ஞான் இல்லா சேட்டா, ஞான் இல்லா" என்றான் அவன். தெரிந்த மலையாளம் அவ்வளவுதான் போலிருக்கிறது. என்ன குற்றம் என்று தெரியாமலே தான் இல்லை என்றான். அதற்குள் இரண்டாவது அறையும் விழுந்துவிட்டது.

பழனிச்சாமி நிமிர்ந்தபோது மோகனசுந்தரத்தைப் பார்த்துவிட்டான். "ஏனுங் மாமா, உங்க ஆளு இவந்தானுங்களே?"

கூட்டம் திரும்பியது. அடிபட்டவனும் திரும்பினான். மோகனசுந்தரம் வேட்டியின் முனையைப் பிடித்தபடி ஓரடி முன்னால் வந்து சொன்னார்:

"சரி, விடுங்க மாப்ள. போகட்டும்."

"பண்ணாடி சொல்றதால விடுறேன்" என்று பழனிச்சாமி சட்டையை விட்டான். பெரிய மனுஷன், பெரிய மனசு என்று யாரோ சொன்னார்கள். அந்த ஆள் குனிந்து உருளைக்கிழங்குகளைப் பொறுக்கினான். ஒன்று மோகனசுந்தரத்தின் செருப்பருகே கிடந்தது. அதை மட்டும் எடுக்காமல் போய்விட்டான்.

அவர் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி முன்னால் வந்திருந்தது. வனிதா, நாச்சம்மாள் விட்டுப்போன பட்டின் கிழிசல் மேல், அதன் கரையில் மிஞ்சிய ஜரிகைத் துண்டை வைத்து, மறுபக்கமும் அதேபோல் ஒன்று வைத்து, சாதா மிஷினில் மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு அது டிசைன் என்றுதான் தோன்றும். தலை நிமிராமலே கேட்டார்:

"அடி பலமுங்களா?"

"ரெண்டு."

"அந்தாளுக்குப் புள்ளைங்க இருக்குமுங்களா?"

அவருக்குத் தெரியவில்லை. ராஜுவுக்கு இரண்டு பெண்கள் என்று முன்பொரு முறை அவரே யாரிடமோ சொல்லியிருந்தார். அது நினைவுக்கு வந்ததும் முன்னால் எடுத்துவைத்திருந்த சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனார்.

இரண்டு நாள் பின்னறைக்குள் அவர் போகவில்லை. மூன்றாம் நாள் காலை, தைத்து முடித்த ஜாக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டு நாச்சம்மாள் வீட்டுக்குப் போனார். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நாச்சம்மாள் ஜாக்கெட்டை விரித்துப் பார்த்து, "அய்யோ, முன்னைக்கு இதுதான் அம்சமா இருக்குது" என்றாள். திரும்பிவிட அது நல்ல சமயம். அவர் திரும்பவில்லை.

"ராஜுன்னு ஒருத்தன் இல்லீங்க" என்றார். "ஆறு வருசமா அந்த மிஷின்ல உக்கார்றது நாந்தான். துணிய வெட்டுனதும் நாந்தான்."

பந்தல்காரர்கள்கூட வேலையை நிறுத்தினார்கள். பிறகு பழனிச்சாமிதான் முதலில் சிரித்தான். "நீங்களா? ஓவர்லாக்கா?" சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது. ஒரு பெண் தன் பாவாடைக்கும் ஓரம் அடித்துத் தருவீர்களா என்று கேட்டாள். ஆறு வருடங்களாக அவர் பயந்துகொண்டிருந்தது இந்தச் சிரிப்புக்குத்தான். ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரத்தில் அது முடிந்தும்விட்டது. நாச்சம்மாள் இலை போடச் சொன்னாள்.

"அந்த ஆளுங்க…" என்றார் அவர். "அவனை அடிச்சீங்களே, மாப்ள."

"அட, அவனுக்கென்னங் மாமா. இந்நேரம் மறந்திருப்பான்" என்று பழனிச்சாமி வாழைமரம் கட்டப் போய்விட்டான்.

சாப்பிடாமல் அங்கிருந்து நேராக நார் மில்லுக்கு நடந்தார். வழியெல்லாம், தப்பு என்னுடையது என்பதை மலையாளத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தெற்று என்டேதாணு. தெற்று என்டேதாணு. அவன் பேர் உண்மையில் ராஜுதானா என்று தெரியாததால் வாயிலில் இருந்தவரிடம் அடையாளத்தைத்தான் சொல்ல முடிந்தது. நெற்றியில் தழும்பு என்று விரலால் காட்டினார்.

"பின்னாலதான் இருக்கான், போங்க பண்ணாடி."

மில்லுக்குப் பின்னால் தகரக்கூரை அறைகள் வரிசையாக இருந்தன. கடைசி அறை வாசலில் அந்த ஆள் குத்தவைத்து அரிசி களைந்துகொண்டிருந்தான். மேல்சட்டை இல்லை. கன்னத்தில் வீக்கம் இன்னும் வடியவில்லை. நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்து, பாத்திரத்தை வைத்துவிட்டு, சுவரோடு ஒட்டி எழுந்து நின்றான்.

மனப்பாடம் பண்ணிய வாக்கியத்தைத் தொடங்குமுன் மோகனசுந்தரம் அவனைக் கும்பிடுவதற்காக இரண்டு கைகளையும் உயர்த்தினார். அந்த ஆள் கண்களை இறுக மூடிக்கொண்டு, முழங்கையை மடக்கித் தன் முகத்தை மறைத்துக்கொண்டான்.