வெந்த முகத்து வில்லன்

போன தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் லீவு விட்டிருந்த வாரம், எம். புதுப்பட்டியில் உள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளுக்கு ஒரு படம் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். காமிக்ஸ் கதையைப் படமாக்கி, தமிழில் டப்பிங் செய்தது. அவள் வயதில் அதைப் பார்த்துவிட்டு, கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேலிருந்து குதித்தவன் நான். லேப்டாப்பை டிவியில் மாட்டும்போது அவளைவிட எனக்குத்தான் அவசரம்.

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பாப்பா அவள் மேல் சாய்ந்திருந்தாள். முந்தைய வருடம் கம்பெனி விபத்தில் அக்காவுக்கு வலது கன்னமும் கழுத்தும் வெந்துபோயின. ஆறியதும் அதே கம்பெனிக்கே வேலைக்குப் போனாள். எங்கள் பக்கம் இப்படி முகங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

படத்தில் வில்லன் முதலில் நல்லவன்தான். தீப்பிடிக்கிறது, முகம் வேகிறது, அடுத்த காட்சியிலேயே கொலைகாரன். வேறு காரணமே கிடையாது. வெந்த கன்னத்தைத் திரை முழுக்கக் காட்டி, பயமுறுத்த இசை வேறு. இதையா கொண்டாடினோம்?

பாப்பா டிவியைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். மெல்ல நகர்ந்து என் பக்கம் வந்துவிட்டாள்.

"மாமா, மூஞ்சி வெந்துட்டா கெட்டவுகளா ஆயிருவாகளா?"

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏலே, அந்தாளு எந்தக் கம்பெனியிலலே வேலை பாத்தான்? எங்க கம்பெனியா இருந்தா, கட்டு அவுக்குமுன்ன சீசன் வந்துருச்சு வாரியான்னு கூப்பிட்டிருப்பாக. கெட்டவனாத் திரிய அவனுக்கு எங்கிட்டு நேரம்?"

பாப்பாவும் சிரித்தாள். ஆனால் அக்கா பக்கம் திரும்பிப் போகவில்லை. லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன்.

"ஏம்லே மூடுற? அவன் என்ன ஆகுறான்னு பாக்கணும்ல" என்றாள் அக்கா.

என்ன ஆகிறான் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் தீயில் விழுந்து சாவான், ஊரே கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன். அதை அக்காவிடம் எப்படிச் சொல்ல? "கரண்ட்டு போயிரும்க்கா" என்று ஏதோ உளறினேன்.

சாயங்காலம் பசித்ததும் பாப்பா தன் அம்மா மடிக்கே போய்விட்டாள். அக்காவும் அதை மறந்திருப்பாள். ஆனால் பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவே அந்த ஒரு சாண் இடத்தை உண்டாக்கியது நான் உயிராய் நேசித்த படம் என்பதை நினைத்தால், எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்குவதில்லை.