மிதிப்பதற்கு முன்பே வெளியான தீமிதி

வெள்ளிமலையிலிருந்து இறங்கிய பஸ் கச்சிராயபாளையத்தை நெருங்கியதும் என் சட்டைப் பை துள்ள ஆரம்பித்தது.

மலைமேல் என் ஃபோனுக்கு சிக்னல் கிடையாது. கீழே வந்தால், அதுவரை தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் வந்து கொட்டும். அன்றைக்குக் கொட்டியதோ பாராட்டு!

'மெய் சிலிர்த்தது சார்!' 'சின்னதுரை ஐயா காலுக்கு ஒரு கும்பிடு!' 'நேரில் பார்த்த மாதிரியே இருந்தது!'

பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பொறந்த நாளா?"

"இல்லீங்க, நான் எழுதினது வெளிவந்திருக்கு" என்றேன். குரலில் கர்வம் வழிந்தது. எழுபத்தொரு வயதில் ஒரு மனிதன் பஸ்ஸில் உட்கார்ந்து தானாகச் சிரித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தேன்.

அப்போதுதான் அந்த அழைப்பு. சின்னதுரையின் மனைவி ராசாத்தி.

"வாத்தியாருங்களே! இன்னா எழுதி வச்சிக்கினு கீறீங்க? அவரு இன்னும் தீயிலியே எறங்கலீங்க!"

சிரிப்பு அப்படியே உறைந்தது.

இந்த இடத்தில் என் வலைப்பதிவு வாசகர்களாகிய உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். வாரந்தோறும் நீங்கள் இங்கே படிப்பதை நான் அந்த வாரம் எழுதுவதில்லை. கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலத்துப் பழக்கம் - வருஷம் பிறப்பதற்கு முன்பே பாடத்திட்டம் தயார். பிளாக்கிலும் அப்படித்தான். எப்போதும் ஒரு கூடை டிராஃப்ட் கையிருப்பில் இருக்கும். பொங்கலுக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று. நாளும் நேரமும் குறித்து ஷெட்யூல் செய்துவிட்டால், நான் தூங்கினாலும் அது வெளிவரும்.

'மழைச் சத்தத்தைக் கேட்டபடி இதை எழுதுகிறேன்' என்று ஐப்பசியில் ஒரு பதிவு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதை எழுதியது சித்திரை வெயிலில். ஃபேன் வேறு ஓடவில்லை. தேர்தலுக்கு இரண்டு டிராஃப்ட் வைத்திருந்தேன் - இவர் வென்றால் ஒன்று, அவர் வென்றால் ஒன்று. 'நான் அன்றைக்கே சொன்னேன்' என்ற வரி மட்டும் இரண்டுக்கும் பொது!

இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் துணிச்சல் வளர்ந்தது. வளர்ந்து... சின்னதுரை மேல் போய் விழுந்தது.

சின்னதுரை என் நெடுநாள் சிநேகிதர். வடக்கனந்தல் பக்கம் கரும்பு விவசாயம். மகள் செல்விக்குப் பிரசவம் சிக்கலானபோது, நல்லபடி முடிந்தால் தீ மிதிக்கிறேன் என்று திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். தாயும் பிள்ளையும் நலம். இந்த வருஷத் திருவிழாவுக்குக் கையில் காப்பும் கட்டிக்கொண்டார்.

நான் என்ன செய்தேன்? முந்தின வாரமே என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவரைத் தீயில் நடக்க விட்டேன். 'பூவின்மேல் நடப்பதுபோல் நடந்தார். கரையேறியதும் என்னைப் பார்த்து, குளிருதுய்யா வாத்தியாரே என்றார்.' நானே எழுதிவிட்டு நானே கண் கலங்கினேன். திருவிழா அன்று மாலை ஆறு மணிக்கு வெளிவரும்படி நேரமும் வைத்தேன். ஐந்து மணிக்கு மிதிப்பார்கள், ஒரு மணி நேரம் போதாதா?

அதோடு விட்டேனா? அன்று காலை மலைமேல் ஒரு பழைய மாணவனின் புதுமனை புகுவிழா. மத்தியானமே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. பதிவுதான் தயாராக இருக்கிறதே, அப்புறம் என்ன அவசரம்?

கீழே நடந்ததை ராசாத்தி ஃபோனில் கொட்டினார். மத்தியானம் பெய்த மழையில் அக்னிக் குண்டம் நனைந்துபோய், மறுபடி விறகு அடுக்கிக் கொளுத்தியிருக்கிறார்கள். எல்லாம் தாமதம். அதைவிடப் பெரிய விஷயம் - சின்னதுரைக்கு சர்க்கரை ஜாஸ்தி. குதிகாலில் புண். நெருப்பு பட்டால் காலே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட, இந்த வருஷம் கரையில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவதாகக் காலையில்தான் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சொல்லலாமென்றால் நான் சிக்னலுக்கு அப்பால்!

ஆறு மணிக்கு என் பதிவு வந்தது. ஊர் வாட்ஸ்அப் குரூப் முழுக்கப் பரவியது.

"கோயம்புத்தூர்லேர்ந்து செல்வி போன் பண்ணி அழுதுதுங்க. மேளச் சத்தத்துல வேற ஒண்ணும் கேக்கல, லைனும் கட்டாயிடுச்சி. பொண்ணே அழுதுடுச்சி, இனிமே நான் எறங்கலன்னா இன்னா மனுஷன்னு சொல்லி, இவரு வரிசையில போய் நின்னுட்டாரு. வந்து இழுத்துக்கினு போங்க!"

வடக்கனந்தலில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, குண்டம் வெட்டியிருந்த வயலுக்கு வரப்பில் ஓடினேன். ஓட்டமா அது? செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை, முகத்தில் பிடிவாதம் - வரிசையில் நின்றிருந்தார் சின்னதுரை. பக்கத்தில் நின்றவர் கிண்டல் செய்தார். "இன்னா மாமா, முன்னாடியே மிதிச்சிட்டியாமே? குளுந்துச்சா?"

"சின்னதுரை, வெளியே வாய்யா" என்றேன் மூச்சிரைக்க. "நான் எழுதினது பொய். இதோ அழிச்சுடறேன்."

"நீ அழிச்சா? எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிக்கினு கீறானுங்க! என் பொண்ணு பெருமையில அழுதுது வாத்தியாரே. அதுகிட்ட என்னைப் பொய்யனாக்கிடாத. தள்ளு."

வேறு வழியில்லை. செல்விக்கு ஃபோன் போட்டேன், ஸ்பீக்கரில். மேளம் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"அம்மா செல்வி, நான் பார்க்காமலேயே எழுதிட்டேன். உங்கப்பா இன்னும் இறங்கல. பதிவுல இருக்கிற ஒரு வரிகூட நடக்கல. தப்பு என் மேலதான்."

அந்தப் பக்கம் ஒரு விம்மல். பிறகு, "சார்... நெசமாவா? எறங்கலியா? அப்பாகிட்ட குடுங்க."

"நான் இங்கதான் கீறேன், சொல்லும்மா" என்றார் சின்னதுரை.

"யப்பா, நான் பெருமையிலயா அழுதேன்? புண்ணுக் காலோட எறங்கிட்டியேன்னு பயந்து அழுதேன். அம்மா காலையிலயே சொல்லுச்சி, நீ எறங்க மாட்டேன்னு. கொழந்தையைத் தூக்கிக்கினு கொல்லைமேட்டுல ஓட உனக்குக் கால் வேணாமா? வெளிய வா."

சின்னதுரை வேப்பிலையைப் பார்த்தார். நெருப்பைப் பார்த்தார். குனிந்து கும்பிட்டார். நிமிர்ந்தவர் வரிசையை விட்டு விலகினார். ராசாத்தி அவர் கையைப் பிடித்த பிடி இருக்கிறதே... அதை நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்தும் கற்பனை செய்திருக்க முடியாது.

கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "அப்ப வாத்தியாரு எறங்கட்டும்!"

நான் மெல்ல ராசாத்தியின் பின்னால் ஒதுங்கினேன்.

"காப்பு கட்டாதவரு எறங்கக்கூடாதுங்க" என்றார் பூசாரி.

எத்தனையோ விதிகளை வாழ்க்கையில் படித்திருக்கிறேன். மெண்டலின் விதி உட்பட. எதையும் இவ்வளவு நேசித்ததில்லை.

அப்போது மைக் அலறியது. "சின்னதுரை அவர்கள் சாயங்காலமே தீ மிதிச்சுட்டதா இன்டர்நெட்டுல தகவல் வந்துட்டதால... அடுத்த பக்தர் வரலாம்!"

வயலே சிரித்தது. சின்னதுரை சிரித்த சிரிப்பில் வேட்டி அவிழப் பார்த்தது.

இனிமேல் டிராஃப்ட் எழுத மாட்டேனா? எழுதுவேன். புளிய மரத்தைப் பற்றி முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அது சொன்ன இடத்தில் நிற்கும். மனிதன் நிற்பானா? அவனுக்குக் காலில் புண் வரும், வீட்டில் மனைவி இருப்பாள், மனசு மாறும். இப்போதெல்லாம் ஆள் பெயர் வருகிற டிராஃப்ட்டுக்கு நான் நேரம் குறிப்பதில்லை.

சின்னதுரையிடம் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பெல்லாம் வூட்டுல வச்சிக்கலாம். மொதல்ல வாயை மூடிக்கினு பாருய்யா" என்றார்.

பார்த்தேன். கடைசி ஆள் கரையேறும்வரை, மனசுக்குள் ஒரு வரிகூட எழுதாமல்.

கண் கலங்கியது - புகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.